பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்

எங்கள் மாயவரத்தில் ஒரு மருத்துவரைப் பற்றி விசாரிக்கிறவர்கள், அவர் என்ன படித்தவர் என்று கேட்டு நான் அறிந்ததில்லை. ‘கைராசிக்காரர்’ என்று நாலு பேர் சொல்லிவிட்டால் போதும். அதற்குமேல் ஒரு சான்றிதழ் தேவையில்லை. என் தந்தையாருக்கு 1990ஆம் ஆண்டில் குடலிறக்கத்துக்காக அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. எதிர்வீட்டுப் பாட்டி என் தாயாரிடம், “பயப்படாதேடி, அந்த டாக்டர் கை பட்டால் புண் தானே ஆறும்” என்று தைரியம் சொன்னார். பாட்டிக்கும் அவரே அறுவை செய்திருந்தார். பாட்டியின் மருமகனுக்கும் அவரே. காலையில் அரசு மருத்துவமனையில் இருப்பவர், மாலையில் தம் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் நோயாளிகளைப் பார்ப்பார். அவருடைய வாசலில் பெயர்ப்பலகை ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அதில் என்ன எழுதியிருந்தது என்பது எங்கள் தெருவில் எவருக்கும் நினைவில்லை.

கைராசி என்பதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட இன்று எனக்கு மனம் வருவதில்லை. அது எழுதி வைக்காத ஒரு கணக்கு. ஓர் ஊரில் ஒரே மனிதர் முப்பது ஆண்டுகள் கத்தி பிடித்தால், அவர் கையால் நலம் பெற்றவர்களும், நலம் பெறாதவர்களின் குடும்பத்தாரும் அதே ஊரில்தான் இருப்பார்கள். கடைத்தெருவிலும் கோயில் பிராகாரத்திலும் அவர்களை அவர் நாள்தோறும் எதிர்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கை ஊரே வைத்துக்கொண்டிருந்தது. ‘சர்ஜரி’ என்னும் சொல்லின் கிரேக்க மூலத்துக்குக் ‘கைவேலை’ என்று பொருள் என அறிந்தபோது, எங்கள் பாட்டி சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

2004இல் மத்திய அரசுப் பணிக்கான நியமன ஆணையுடன் நான் சென்னை சென்ட்ரலுக்கு வந்தேன். வண்டிக்கு நேரம் இருந்தது. உடன் வந்த தந்தையார், எதிரே இருந்த பெரிய அரசு மருத்துவமனையின் முன்னால் நிற்கும் சிலையைக் காட்டி, “இவர்தான் ரங்காச்சாரி, பெரிய சர்ஜன். 1934இலேயே போய்விட்டார். நாங்கள் பிறப்பதற்கு முன்னால் இருந்தவர், ஆனாலும் பேரைக் கேட்டே வளர்ந்தோம்” என்றார். அரசர்களுக்கும் தலைவர்களுக்கும் சிலை வைக்கும் நகரம், கத்தி பிடித்த ஒரு கைக்கும் சிலை வைத்திருந்தது. அன்று இரவு ரயிலில் படுத்தபோது, தில்லியில் நோய் வந்தால் யாரிடம் போவது என்ற எண்ணம் எனக்குத் தோன்றவேயில்லை. இருபத்து நான்கு வயதில் அது தோன்றாது.

வேற்றூரில் குடியேறியவர்களுக்கு ஊர் வைத்திருக்கும் கணக்கு கிடைப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பீகாரிலிருந்து வந்தவர். மேல்மாடிக்காரர் கட்வால் மலையிலிருந்து வந்தவர். அவர்களும் நம்மைப் போலவே யாரையோ விசாரித்துக்கொண்டிருப்பவர்கள். ஆகவே நாம் பெயர்ப்பலகையைப் படிக்கிறோம். பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்துகள் என்று எண்ணுகிறோம். எந்தெந்த மருத்துவமனைகளோடு தொடர்புடையவர் என்று பார்க்கிறோம். பாட்டி ஒரே சொல்லில் பெற்ற நம்பிக்கையை இருபது சுருக்கெழுத்துகளிலிருந்து திரட்டப் பார்க்கிறோம்.

இந்த எழுத்துகளோடு எனக்கு அலுவலக முறையிலும் பழக்கம் உண்டு. சில ஆண்டுகள் எங்கள் அலுவலகத்தில் மருத்துவச் செலவுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் மேசை என் பொறுப்பில் இருந்தது. 1954இல் தில்லியில் தொடங்கப்பட்ட மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் விதிகள் எனக்கு மனப்பாடம். பில்லின் அடியில் மருத்துவரின் கையொப்பமும், பட்டங்கள் நிறைந்த ரப்பர் முத்திரையும் இருக்கும். முத்திரை தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு மனிதர் நின்று, ஓர் உடலின் முன் ஏதோ ஒன்றை முடிவு செய்திருக்கிறார் என்பதை நினைத்ததில்லை.

2015இல் எங்கள் பழைய தஃப்தரி ஒருவரின் கோரிக்கை என் மேசைக்கு வந்தது. கட்வால்காரர்; ஓய்வு பெற மூன்று ஆண்டுகள் இருந்தன. பித்தப்பையில் கல். லேப்பராஸ்கோப் என்னும் கருவியைச் சிறு துளைகள் வழியே செலுத்தி அறுவை செய்வதற்கு அனுமதி பெற்றிருந்தார். பில்லோ, வயிற்றைத் திறந்து செய்த அறுவைக்கு வந்திருந்தது. அப்போதைய விதிப்படி, லேப்பராஸ்கோப் அறுவை என்றால் தொகுப்புக் கட்டணத்தில் மூன்று நாள் தங்கல் அடங்கும். மற்றப் பெரிய அறுவைகளுக்கு ஏழு நாள். அவர் ஏழு நாள் தங்கியிருந்தார். நான் கோப்பில், ‘அனுமதி பெற்றது ஒன்று, செய்தது வேறு. விளக்கம் தேவை’ என்று குறிப்பெழுதினேன். விளக்கம் கேட்டு மருத்துவமனைக்குக் கடிதம் போயிற்று. பதில் வரவில்லை. நினைவூட்டல் போயிற்று. எட்டு மாதம் கழித்தே பணம் பட்டுவாடா ஆயிற்று. மருத்துவமனைக்குக் கட்டுவதற்காக அவர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கியிருந்த பணத்துக்கு எட்டு மாத வட்டி கட்டினார். என் மேசைக்கு வந்து நின்ற ஒருமுறை, “பாபுஜி, நான் மயக்கத்தில் இருந்தேன். டாக்டர் என்ன செய்தார் என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல?” என்றார். விதி அப்படி இருக்கிறது என்றேன். மேலதிகாரி என் குறிப்பைத் தெளிவான குறிப்பு என்று பாராட்டினார்.

2022ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஓர் இரவு, என் மனைவிக்கு வலப்பக்க விலாவின் கீழே வலி எடுத்து, அது முதுகு வழியாகத் தோள்பட்டை வரை ஏறிற்று. வாயு என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன். மூன்றாம் முறை வலி வந்தபோது ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். பித்தப்பையில் கற்கள். வட இந்தியாவில், குறிப்பாகக் கங்கைச் சமவெளியில், இந்நோய் தென்னாட்டைவிட மிகுதி என்று மருத்துவர் சொன்னார். “பதினேழு வருஷமா தில்லித் தண்ணி குடிச்சதுக்குக் கல்லாவது மிச்சமாச்சே” என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சங்கத்தில் பழக்கமான பெரியவர் ஒருவர், “நம்மவர் ஒருத்தர் இருக்கிறார், பெரிய சர்ஜன், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்” என்று முகவரி கொடுத்தார். போனோம். வாசலில் கறுப்புக் கண்ணாடியில் பொன்னெழுத்துப் பலகை. பெயருக்குப் பின்னால் மூன்று வரிகளுக்கு எழுத்துகள். அதன் கீழே நான்கு மருத்துவமனைகளின் பெயர்களும், ஒவ்வொன்றிலும் அவர் என்ன பதவி வகிக்கிறார் என்பதும். எனக்கு நெஞ்சு நிறைந்தது. உள்ளே அவர் மரியாதையாகவே பேசினார்; ஸ்கேனைப் பார்த்தார்; தேதி குறித்துக்கொள்ளலாம் என்றார். நாலு நிமிடம் ஆகியிருக்கும். எழுந்திருக்கும்போது என் மனைவி தமிழிலேயே கேட்டாள்: “டாக்டர், ஆபரேஷன் முடிஞ்சு ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா யாரு வருவாங்க?” அவர் புன்னகையுடன், “எல்லாம் டீம் பார்த்துக்கொள்ளும், கவலைப்படாதீர்கள்” என்றார். வெளியே வந்ததும் அவள், “வேற ஒருத்தரையும் பார்த்துடலாம்” என்றாள். இத்தனை படித்தவரைவிட்டு வேறு யாரைப் பார்ப்பது என்று எனக்குக் கோபம் வந்தது.

அன்று இரவு அந்தப் பலகையை நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதி, பில்லைச் சரிபார்ப்பதுபோல ஒவ்வோர் எழுத்தாக விசாரித்தேன். எம்.பி.பி.எஸ். என்பது உண்மையில் ஒரு பட்டமன்று, இரண்டு: மருத்துவத்தில் ஒன்று, அறுவை மருத்துவத்தில் ஒன்று. நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியும் முடித்தால் இரண்டும் சேர்ந்து கிடைக்கின்றன. அதற்குமேல் மூன்றாண்டு பொது அறுவை மருத்துவம் பயின்றால் எம்.எஸ்.; அல்லது தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் டி.என்.பி. பெயரில் ‘பொது’ என்று இருப்பதால் இதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. குடல்வால், பித்தப்பை, குடலிறக்கம், மார்பகக் கட்டி, தைராய்டு, மூலம், விபத்தில் கிழிந்த வயிறு, நள்ளிரவில் அடைத்துக்கொண்ட குடல் இத்தனையும் பொது அறுவை மருத்துவரின் எல்லைக்குள் வருவன. அதற்கும் மேலே ஒரு துறையில் தனித் தேர்ச்சி பெற விரும்புவோர் மேலும் மூன்றாண்டு படித்து எம்.சிஎச். பெறுகிறார்கள்.

எஃப்.ஆர்.சி.எஸ். என்பது லண்டன், எடின்பரோ, கிளாஸ்கோ, டப்ளின் ஆகிய நகரங்களில் உள்ள ராயல் கல்லூரிகள் தேர்வு வைத்து அளிப்பது. கப்பலேறிப் போய் அதை வாங்கி வந்தவர்களை ஊர் மாலையிட்டு வரவேற்ற காலம் ஒன்று இருந்தது. இவற்றுக்குப் பின்னால் ‘எஃப்’ என்று தொடங்கும் வேறு பல தொகுதிகள் வருகின்றன. சில, தொழில்முறைச் சங்கங்கள் தம் உறுப்பினர்களுக்கு அளிக்கும் சிறப்பு. 1938இல் தோன்றி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய அறுவை மருத்துவர் சங்கம் அத்தகைய ஒன்று. 1935இல் தோன்றிய சர்வதேச அறுவை மருத்துவர் கல்லூரி என்பதும், பெயரில் கல்லூரி இருந்தாலும், உலகெங்கும் உள்ள அறுவை மருத்துவர்கள் சேரும் ஓர் அமைப்பே. வேறு சில தொகுதிகள் குறுகிய காலப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் பின் கிடைப்பவை. இவை எதையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. தொழிலில் இருந்துகொண்டே மேலும் கற்பவரை, மாநாடுகளுக்குச் சென்று பிறர் செய்வதைப் பார்த்து வருபவரை, நாம் மதிக்கத்தான் வேண்டும். ஆனால் எட்டரை ஆண்டு உழைப்பில் வந்த எழுத்தும், சில நாள் பயிற்சியில் வந்த எழுத்தும், உறுப்பினராகச் சேர்ந்ததால் வந்த எழுத்தும் பலகையில் ஒரே அளவில்தான் மின்னுகின்றன. படிக்கிறவனுக்கு வேறுபாடு தெரிவதில்லை.

மருத்துவர்களின் நடத்தை பற்றி 2002இல் இயற்றப்பட்ட ஒழுங்குமுறை, அங்கீகாரம் பெற்ற பட்டங்களையும், தொழிலறிவையோ சிறப்புத் தகுதியையோ குறிக்கும் உறுப்பினர் தகுதிகளையும் மட்டுமே பெயருக்குப் பின்னால் எழுதலாம் என்கிறது. மாநில மருத்துவக் கவுன்சில் கொடுத்த பதிவு எண்ணை மருத்துவகத்திலும், மருந்துச் சீட்டிலும், ரசீதிலும் காட்ட வேண்டும் என்றும் கூறுகிறது. ஏழு ஆண்டுகள் கழித்து எனக்கு ஒன்று உறைத்தது: பலகையின் அடியில் யாரும் படிக்காத சிறிய எழுத்தில் இருக்கும் அந்த எண்ணே, இவர் ஒருவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதற்கு அத்தாட்சி. மற்றவை எல்லாம் அவர் பெற்றவை. அந்த எண் அவர் ஏற்றது.

மருத்துவமனைகளின் பெயர்களைப் பற்றியும் விசாரித்தேன். சிலர் ஒரு மருத்துவமனையில் முழுநேரப் பணியாளர்கள். சிலர் ‘விசிட்டிங் கன்சல்டன்ட்’. காலையில் ஓரிடம், பிற்பகலில் வேறோரிடம், மாலையில் சொந்த மருத்துவகம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. சிறு மருத்துவமனைகள் நடப்பதே அப்படித்தான். ஆனால் அறுவை முடிந்தபின் இரவில் நோயாளியின் அருகில் இருப்பவர், பெயர்ப்பலகையில் உள்ளவர் அல்லர். அங்கே தங்கியிருக்கும் இளம் மருத்துவரே. அவர் எப்போது பெரியவரை அழைப்பார், பெரியவர் எவ்வளவு நேரத்தில் வருவார் என்பதே நோயாளிக்கு உயிர்க்கேள்வி. அரசு மருத்துவர்களின் நிலை வேறு. நம் தமிழ்நாட்டில் அரசு மருத்துவர் பணிநேரம் போக வெளியிலும் நோயாளிகளைப் பார்க்கலாம். மாயவரத்தில் எங்கள் மருத்துவர் திண்ணையறையில் பார்த்தது அந்த முறையில்தான். மத்திய சுகாதாரப் பணியில் இருப்பவர்களுக்கு அந்த உரிமை இல்லை. அதற்கு ஈடாகத் தனித்தொழில் செய்யாமைப் படி என்று அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு இருபது பங்கு கொடுக்கிறார்கள். சம்பளப் பட்டியலில் இந்தப் படியைக் கூட்டிப் போட்டவன்தான் நான். அது ஒரு மனிதரை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் விலை என்பதை அப்போது யோசித்ததில்லை.

நாங்கள் பார்த்த இரண்டாவது மருத்துவர், அரசு மருத்துவமனையில் நெடுங்காலம் பணிபுரிந்து, விருப்ப ஓய்வு பெற்று, அறக்கட்டளை மருத்துவமனை ஒன்றில் முழுநேரமாக இருப்பவர். பஞ்சாபிக்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். அறைக்கதவில் சிறிய பித்தளைத் தகடு. பெயர், எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., பதிவு எண், அவ்வளவே. என் மனைவி அதே கேள்வியை இம்முறை இந்தியில் கேட்டாள். அவர் பேனாவை வைத்துவிட்டு, “நான் வருவேன். என் வீடு இங்கிருந்து பதினைந்து நிமிடம். நான் ஊரில் இல்லாத நாளில் உங்களுக்கு அறுவையே வைக்க மாட்டேன்” என்றார். இத்தகைய அறுவை எத்தனை செய்திருக்கிறீர்கள் என்றும் அவள் கேட்டுவிட்டாள். நான் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். அவரோ அது நியாயமான கேள்வி என்று சொல்லி, ஒரு பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்தார். தாம் செய்த ஒவ்வொன்றையும் அதில் எழுதி வைத்திருந்தார்.

“நூற்றில் நாலைந்து பேருக்குத் துளைவழி தொடங்கி, பிறகு வயிற்றைத் திறந்து முடிக்க வேண்டி வருகிறது. இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒருவருக்குப் பித்தநாளத்தில் என் கையால் காயம் ஏற்பட்டது. நானே அவருடன் ஆம்புலன்சில் சென்று, அதைச் சரிசெய்யக்கூடியவரிடம் ஒப்படைத்தேன். அவர் நலமாக இருக்கிறார். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்” என்றார்.

லேப்பராஸ்கோப்பின் வரலாற்றையும் சுருக்கமாகச் சொன்னார். இம்முறையில் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தவர், 1985இல், ஜெர்மனியின் எரிஹ் ம்யூஹே. அவரை அந்நாட்டு மருத்துவர்களே முதலில் ஏற்கவில்லை. 1987இல் பிரான்சின் லியோன் நகரில் ஃபிலிப் மூரே செய்தபின் உலகெங்கும் பரவிற்று. இந்தியாவில் 1990இல் பம்பாயில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா செய்தார். “எனக்கு முந்தைய தலைமுறை வயிற்றைத் திறந்தே கற்றது. எனக்குப் பின் வந்த பிள்ளைகள் திரையைப் பார்த்தே கற்கிறார்கள்; என்னைவிடத் திறமையாகவும் செய்கிறார்கள். நான் நடுவில் அகப்பட்டவன், இரண்டையும் கற்றேன்” என்று சிரித்தார். ஒருவர் எந்தப் பட்டம் பெற்றார் என்பதோடு எந்த ஆண்டில் பெற்றார் என்பதற்கும் பொருள் உண்டு என்று அன்று அறிந்தேன்.

அறுவை ஒரு வியாழக்கிழமை காலை. ஒரு மணி நேரம் என்றார்கள். சம்மதப் படிவத்தில் ‘தேவைப்பட்டால் திறந்து செய்யவும்’ என்ற வரியை அவரே விரலால் தொட்டுக் காட்டி, படித்தபின் கையெழுத்திடச் சொல்லியிருந்தார். ஒரு மணி கடந்தது. இரண்டு மணி கடந்தது. கதவு திறந்து, தொப்பியும் முகமூடியுமாக அவர் ஒரு நிமிடம் வெளியே வந்தார். “பித்தப்பை வீங்கிக் குடலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெட்டவேண்டிய குழாய் எது, வெட்டக்கூடாத குழாய் எது என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. தெரியாததை நான் வெட்ட மாட்டேன். திறக்கிறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் நினைத்தவற்றை இங்கே எழுத வெட்கமாயிருக்கிறது. மூன்று வரி எழுத்துகள் உள்ளவரிடம் போயிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று நினைத்தேன். அவள் பேச்சைக் கேட்டதற்காக அவளையே நொந்துகொண்டேன். செய்தி அறிந்த சங்கத்துப் பெரியவரும் தொலைபேசியில், “நான் அப்போதே சொன்னேனே” என்றார்.

அன்று இரவு பத்தரை மணிக்கு அவர் வந்தார். டிசம்பர்க் குளிர், கம்பளித் தொப்பியுடன் வந்து, அவளுடைய நாடியைப் பார்த்து, வயிற்றிலிருந்து வெளிவந்த ரப்பர்க் குழாயில் வடிந்திருந்ததை விளக்கொளியில் நிறம் பார்த்து, செவிலியின் குறிப்பேட்டைப் படித்தார். வடிந்த நீரில் பித்தம் கலந்திருக்கிறதா என்பதே அவருடைய கவலை. கலந்திருக்கவில்லை. போகும்போது வராந்தாவில் என்னிடம், “திறந்தது தோல்வி என்று நினைக்கிறீர்களா?” என்று கேட்டார். நான் விடை சொல்லவில்லை. “பித்தப்பையின் கழுத்தருகே காலோ முக்கோணம் என்று ஓர் இடம் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் ஒருவரின் பெயரால் வந்தது. அந்தச் சிறிய இடத்தில்தான் ஆபத்தெல்லாம். அங்கே பிடிவாதம் பிடித்து, சிறிய தழும்போடு முடிப்பேன் என்று பெருமைக்காக வெட்டியவர்களால்தான் பித்தநாளம் அறுபட்ட நோயாளிகள் உண்டாகிறார்கள். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை எந்தத் தேர்விலும் கேட்பதில்லை” என்றார்.

ஏழு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். ஒரு மாதத்தில் அவள் மாவரைக்கத் தொடங்கிவிட்டாள். நான் கோரிக்கையை அலுவலகத்தில் சமர்ப்பித்தேன். அந்த மேசை அப்போது ஓர் இளம் பெண்ணின் பொறுப்பில் இருந்தது. கண்ணியமானவள், வேலையில் கண்டிப்பு. மூன்றாம் வாரம் கோப்பு ஆட்சேபத்துடன் திரும்பிற்று: ‘அனுமதி பெற்றது ஒன்று, செய்தது வேறு. விளக்கம் தேவை.’ எழுத்துக்கு எழுத்து என் வாசகம். கீழே முன்னுதாரணமாக 2015ஆம் ஆண்டுக் கோப்பின் எண்ணைக் குறித்திருந்தாள். என் குறிப்பு தெளிவான குறிப்பு அல்லவா? அலுவலகம் அதைப் பத்திரமாக வைத்திருந்தது.

மருத்துவரிடம் சென்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாளே ஒரு பக்கக் கடிதம் தந்தார். உள்ளே என்ன கண்டார், எத்தனை நிமிடம் துளைவழி முயன்றார், எதைப் பார்க்க முடியாமற்போயிற்று, ஏன் திறந்தார் என்பவற்றை வரிசையாக எழுதியிருந்தார். அந்த முடிவு தம்முடையது, அதற்குத் தாமே பொறுப்பு என்ற வரியுடன் முடித்துக் கையொப்பமிட்டு, அதன் கீழ்ப் பதிவு எண்ணையும் எழுதியிருந்தார். ஒரு மருத்துவரின் தகுதியை இத்தனை முழுமையாகச் சொன்ன பலகை எதையும் நான் பார்த்ததில்லை. பணம் இரண்டு மாதத்தில் வந்தது.

அந்தக் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு, ஓய்வு பெற்றுவிட்ட தஃப்தரியின் வீட்டை விசாரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவருக்கும் இப்படித்தான் நடந்திருக்கும். அவருடைய மருத்துவரும் ஏதோ ஒன்று தெளிவாகத் தெரியாமல்தான் திறந்திருப்பார். நான் அதைத் தவறாக எண்ணி எட்டு மாதம் நிறுத்திவைத்தேன் என்று சொன்னேன். அவர் தேநீர் கொடுத்தார். “பாபுஜி, அந்தப் பணம் எப்போதோ வந்துவிட்டது. ஆனால் அந்த டாக்டர் ஏதோ தப்புச் செய்துவிட்டார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அலுவலகமே சந்தேகப்பட்டதல்லவா? அதனால் நான் திரும்ப அவரிடம் போகவேயில்லை” என்றார். வட்டிக் கணக்கை எதிர்பார்த்துப் போன எனக்கு இந்தக் கணக்கு புதிது. ஒரு மனிதர் தம்மைக் காத்த கையின்மீது வைத்திருக்க வேண்டிய நம்பிக்கையை நான் ஒரு வரியில் எடுத்துவிட்டிருந்தேன். நான் சென்றது மன்னிப்புக் கேட்க, கேட்டேன். அவர் தலையசைத்தார்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது. நோயுற்றவரையும், மருந்தையும், உடனிருந்து கவனிப்பவரையும் மருத்துவரோடு சேர்த்தே அது எண்ணுகிறது. அறுவைக்கூடத்தில் மயக்க மருந்து கொடுப்பவரும், இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலியும், இரத்த வங்கியும் இல்லாமல் எந்தப் பட்டமும் பயன்தராது. ஒரு மருத்துவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று நாம் கேட்பதற்கு உண்மையான பொருள் இதுதான்: அவருக்குப் பின்னால் யார் யார் நிற்கிறார்கள்? அவர் யாருக்குப் பதில் சொல்பவர்?

சென்ற மாதம் சங்க நூலகத்தில், தில்லிக்கு வந்து ஓராண்டே ஆன இளைஞர் ஒருவர், தம் தாயாருக்கு அறுவை செய்ய வேண்டும், நல்ல சர்ஜன் யார் தெரியுமா சார் என்று கேட்டார். அந்தப் பஞ்சாபி மருத்துவரின் பெயரைச் சொன்னேன். வேறு யாரிடம் போனாலும், பட்டங்களைப் படியுங்கள், அவற்றின் பொருள் இவை இவை என்று எழுதிக் கொடுத்தேன்; பதிவு எண்ணைப் பார்க்கச் சொன்னேன். பிறகு, “இதையெல்லாம் பார்த்தபின் ஒன்று கேளுங்கள். உங்கள் அம்மாவையே கேட்கச் சொல்லுங்கள். ராத்திரி ஏதாவது ஆனால் யார் வருவார்கள் என்று கேட்கட்டும்” என்றேன்.

அவர் அதையும் குறித்துக்கொண்டார்.